தள்ளுபடியாரின் வெளிநடப்பு

சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் தள்ளுபடியார். கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். யாராவது போனில், "யாரு, தள்ளுபடியாரா?" என்று கேட்டால், "ஆமா, சொல்லுங்க" என்று குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொள்வார். பகலில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கிடங்குப் பொறுப்பாளர். மற்ற நேரமெல்லாம், உறவுக்குள் யார் எதை வாங்கப் போனாலும் கூடப் போய் விலை பேசிக் கொடுக்கிறவர். அதற்குக் கூலி வாங்க மாட்டார். போகும்போதும் வரும்போதும் அவர் பேசுவதைக் கேட்டால் போதும். கூலியையே கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று அவர் மனைவிக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

அவள் அவருடைய சாதனைகளுக்கு நடுவில்தான் குடித்தனம் நடத்துகிறாள். வீட்டு ஃபிரிட்ஜில் காய்கறி டிரே கிடையாது. கடையில் காட்சிக்கு வைத்திருந்த ஃபிரிட்ஜ் அது. டிரே எங்கோ தொலைந்திருந்தது. அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டுக் கத்தரிக்காய்கள் ஒரு பிளாஸ்டிக் பேசினில் உருண்டுகொண்டிருக்கின்றன. கதவை வேகமாகத் திறந்தால் காலில் விழுந்து கும்பிடும். கூடத்துச் சோபாக்கள் இரண்டும் இரண்டு வேறு குடும்பத்துப் பிள்ளைகள், ஒன்று பச்சை, ஒன்று சாணி நிறம். எல்லாவற்றுக்கும் மேலே அவர் தம்பியின் பல். தம்பிக்கு ஒரு பல்தான் வலித்தது. தள்ளுபடியார் பல் டாக்டரிடம் பேரம் பேசி, ரெண்டாப் பிடுங்கினால் ஒன்றுக்குப் பாதி விலை என்று முடித்துக் கொடுத்தார். பக்கத்துப் பல்லும் லேசாக ஆடுகிற மாதிரிதான் இருந்தது என்று தம்பி இன்றைக்கும் சொல்கிறான். சொல்லும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று வரும்.

அவளுடைய வேலை வேறு மாதிரி. எழுந்து நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மாத்திரை கொடுத்து, சக்கர நாற்காலியில் உட்கார வைத்து வெளியே கொஞ்சம் காற்று வாங்கவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு பஸ். வேலை செய்கிற நேரத்தைவிட பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் அதிகம், நிற்கிற நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. இந்த வயதில் கார் ஓட்டப் பழகினாள். லைசென்ஸும் வாங்கிவிட்டாள். மேற்பார்வை பார்க்கிற அம்மாள் அவளைக் கூப்பிட்டு, ஊருக்கு வெளியே இருக்கிற நாலு வீடுகளைச் சொன்னார். சம்பளம் கூட, நிரந்தர வேலை. "திங்கட்கிழமை காலையில வண்டியோட வந்தா அந்த வீடெல்லாம் உனக்கு. இல்லன்னா காத்துக்கிட்டிருக்கிற இன்னொருத்திக்குக் கொடுத்துடுவேன், கோவிச்சுக்காத."

எந்த வண்டி என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. கூட வேலை பார்க்கிற ஒருத்தியிடம் அதே வண்டி இருந்தது. சின்ன வெள்ளைக் கார். சீட் உயரம், அவளைப் போலக் குட்டையானவளுக்கும் முன்னால் ரோடு தெரியும். பின்கதவைத் திறந்தால் மடக்கிய சக்கர நாற்காலி அப்படியே உள்ளே போகும். அதே கார் ஷோரூமில் ஒன்று தயாராக நிற்கிறது என்றும் விசாரித்து வைத்திருந்தாள். பணம் அவளுடைய சேமிப்பு. போய் வாங்கியிருக்கலாம். வீட்டுக்காரரிடம் சொன்னதுதான் தப்பு.

"பிடிச்சிருக்குன்னு சொல்லாத," என்றார் தள்ளுபடியார். "சொல்றது என்ன, மூஞ்சியில கூடத் தெரியக் கூடாது. ஆசை தெரிஞ்சா போச்சு, தலையில மொளகா அரைச்சுடுவான்."

வெள்ளிக்கிழமை கூடத்தில் ஒத்திகை நடந்தது. சாப்பாட்டு நாற்காலிதான் கார். அவரே விற்பனைக்காரர், அவரே வாங்குகிறவர். தம்பிக்குக் கொட்டாவி விடுகிற வேஷம். அவளுக்கு ஒரே வசனம். "நான் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா, நீ எழுந்து 'வேணாங்க, போலாம்'னு சொல்லணும். எங்க, சொல்லு."

"வேணாங்க, போலாம்."

"இன்னும் வெறுப்பா."

வெறுப்புக்கு அவளிடம் பஞ்சமில்லை. இரண்டாவது தடவை பிரமாதம் என்றார்.

சனிக்கிழமை தம்பியின் வேனில் போனார்கள். அவன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். வேனுக்குள் பெயின்ட் தின்னர் நாற்றம் மூக்கைத் துளைக்கும். அதிலிருந்து இறங்கி ஷோரூமுக்குள் போனால் எல்லாம் பளபள. தரையைத் துடைத்த துடைப்பில் ஒவ்வொரு காரும் தன் தலைகீழ் நிழல் மேல் நின்றது. விற்பனைக்காரன் இளவட்டம், கோட்டு உடம்போடு தைத்த மாதிரி இருந்தது. அவனிடம் மூன்று சிரிப்புகள் இருந்தன. வாசலுக்கு ஒன்று, விலை சொல்ல ஒன்று, விலை கேட்டு முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று. அவளைப் பார்த்து ஒரு தடவை "வாங்க மேடம்" என்றான். பிறகு கார் ஓட்டத் தெரியாத அவள் கணவரிடமே எஞ்சினைப் பற்றி விளக்கினான்.

தள்ளுபடியார் டயரை ஒரு உதை விட்டார். கதவைத் திறந்து சாத்தினார். "சத்தமே சரியில்லையே."

"நல்ல சத்தம்தான் சார்."

"இதுவா? எங்க வீட்டு பீரோ இதைவிட நல்லாச் சாத்தும்."

தம்பி கொட்டாவி விட்டான். கொஞ்சம் முன்கூட்டியே விட்டுவிட்டான். அண்ணன் முறைத்ததும் வாயைப் பாதியில் மூடிக்கொண்டான்.

"கலரும் ஒரு மாதிரி இருக்கு," என்றாள் அவள். அதுவும் சொல்லிக் கொடுத்ததுதான். கை மட்டும் பின்கதவின் அகலத்தைச் சாண் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

விற்பனைக்காரன் ஒரு விலை சொன்னான். இவர் பல்வலி வந்தவர் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன் சார், அவர் ரொம்பக் கறார்," என்று அவன் கண்ணாடி அறைக்குள் போனான். அறைக்கு மறைப்பு போட்டிருந்தது, ஆனால் முழுக்க இறக்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து உள்ளே தெரிந்தது. மேனேஜர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். இவன் சுவரில் சாய்ந்து போனைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இவன் தன் தலைமுடியைத் தானே கலைத்துவிட்டுக்கொண்டு, போர்க்களத்திலிருந்து வருகிறவன் மாதிரி வெளியே வந்தான்.

"கத்திட்டார் சார். ஆனாலும் உங்களுக்காகப் பேசி இவ்வளவு குறைச்சிருக்கேன்."

"எனக்காகவா? நான் உனக்கு மாமனா மச்சானா?"

மறுபடி உள்ளே போனான், மறுபடி நகம், மறுபடி தலைமுடி. இவர் பொய் சொன்னார், அவன் பொய் சொன்னான். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும். இதற்குப் பெயர் வியாபாரமாம். அவள் வேலை பார்க்கிற வீடுகளில் நினைவு தப்பினவர்கள்கூட இதைவிடக் கோர்வையாகப் பேசுவார்கள். ஆனால் ஒன்று, விலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கித்தான் வந்தது. அவள் மனதில் வைத்திருந்த இடத்துக்கே வந்துவிட்டது. போதும், கையெழுத்துப் போடலாம் என்று அவள் பையைத் தூக்கின நேரத்தில் தள்ளுபடியார் கண்ணாடியைக் கழற்றினார்.

அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். அவர் துடைத்தார். சட்டை நுனியால் துடைத்தார், கைக்குட்டையால் துடைத்தார், ஊதி ஊதித் துடைத்தார். கண்ணாடி தேய்ந்தே போயிருக்கும். கொழுந்தன் முழங்கையால் இடித்தான். "அண்ணி, கண்ணாடி."

"வேணாங்க, போலாம்," என்றாள்.

அண்ணன் முன்னால், தம்பி நடுவில், அவள் கடைசியில். வெளியே வந்து வேனில் ஏறிக்கொண்டார்கள். ஏறியதும் அவர் தொடையைத் தட்டினார். "யாரும் திரும்பிப் பாக்காதீங்க. இப்ப பாரு, ஓடி வருவான்."

தம்பி பக்கக் கண்ணாடியில் ஷோரூமைப் பார்த்து நேர்முக வர்ணனை கொடுத்தான்.

"வரானா?"

"இல்லண்ணே. தண்ணி குடிக்கிறான்."

"பதட்டம். அதான் தொண்டை காயுது."

"உக்காந்துட்டாண்ணே."

"யோசிக்கிறான்."

"வேற யாரோ புருஷன் பொண்டாட்டி உள்ள போறாங்க. நம்ம வண்டிகிட்டதாண்ணே நிக்கிறாங்க."

"அவன் செட் பண்ணின ஆளா இருக்கும்," என்றார் தள்ளுபடியார். ஆனால் குரல் பழைய கனத்தில் இல்லை.

தயாராக நிற்பது அந்த ஒரு வண்டிதான். இன்னொன்று வரவழைக்க வாரக்கணக்காகும் என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். அந்தப் புருஷன் பெண்டாட்டி பின்கதவைத் திறந்து பார்ப்பது இங்கிருந்தே தெரிந்தது.

கடைசியில் விற்பனைக்காரன் வந்தேவிட்டான். தள்ளுபடியார் முகத்தில் வெற்றி பரவியது. அதை அவசரமாகத் துடைத்து அலட்சியத்தைப் பூசிக்கொண்டு, வேன் கண்ணாடியைப் பாதி மட்டும் இறக்கினார். "என்னப்பா?"

"சார், வேனைக் கொஞ்சம் எடுக்கிறீங்களா? பின்னாடி லாரி உள்ள வரணும்."

வேனை எடுத்துத் தள்ளி நிறுத்தினார்கள். தள்ளுபடியார்தான் ஆரம்பித்தார். "இது அவனோட தந்திரம். விட்டுப் பிடிக்கிறான். நாமளும் விடுவோம். அடுத்த வாரம் அவனே போன் பண்ணுவான்."

"திங்கட்கிழமை எனக்கு வேலைங்க."

"ஒரு வாரம் தள்ளிச் சொல்லு. இப்பப் போய் நின்னா என் மானம் என்னாகும்? வெளிய வந்தவன் தானா உள்ள போனதா சரித்திரமே கிடையாது."

அவள் வேன் கதவைத் திறந்து இறங்கினாள்.

"எங்க போற?"

"பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டு வரேன்."

நேராக விற்பனைக்காரனின் மேஜைக்கே போய் உட்கார்ந்தாள். "தம்பி, எனக்கு அந்த வண்டி ரொம்பப் பிடிச்சிருக்கு. திங்கட்கிழமை காலையில அதுலதான் வேலைக்குப் போகணும். நீங்க கடைசியா சொன்ன விலையிலேருந்து இன்னும் இறங்க முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க. அந்த ரூமுக்குப் போக வேணாம். மேனேஜர் இப்பதான் அடுத்த கை நகத்துக்கு வந்திருக்கார்."

இப்படி ஒருத்தி வந்து பேசினால் போடுவதற்கு அவனிடம் சிரிப்பு எதுவும் தைத்து வைத்திருக்கவில்லை. கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு நாலாவதாக ஒரு சிரிப்பு வந்தது. அதுதான் அவனுடைய சொந்தச் சிரிப்பு போலிருக்கிறது, கொஞ்சம் கோணலாக இருந்தது.

"மேடம், இன்னைக்கு மாசக் கடைசி. இன்னும் ஒரு வண்டி என் பேர்ல எழுதினாத்தான் இந்த மாசம் நான் தப்பிப்பேன்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சார்கிட்டயா? தோலை உரிச்சுத் தொங்கவிட்டிருப்பார்."

"அப்ப ஏன் பின்னாடியே வந்து கூப்பிடல?"

"உங்களுக்கு நிஜமாவே பிடிக்கலைன்னு நெனச்சேன். மூஞ்சி அப்படி இருந்துச்சு."

"அந்த மூஞ்சி வண்டிக்காக இல்ல தம்பி."

அவன் விலையை இன்னும் கொஞ்சம் இறக்கினான். முதல் வருட இன்ஷூரன்ஸைக் கடைக் கணக்கில் சேர்த்தான். ஞாயிறு சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றான். அதையும் எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டாள். அந்தப் புருஷன் பெண்டாட்டி ஒரு சிவப்புக் காருக்குள் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்க வந்தவர்களாகவே தெரியவில்லை.

வேனில் வந்து விலையைச் சொன்னாள். தள்ளுபடியார் மனதுக்குள் கூட்டிக் கழித்தார். தான் நிறுத்தின இடத்துக்கும் கீழே என்று புரிந்ததும் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா? வெளிய வந்தோம், இறங்கிட்டான்."

தம்பி சிரிக்கப் பார்த்தான், அண்ணி பார்த்த பார்வையில் பல் ஓட்டையை மூடிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை கார் வீட்டு வாசலுக்கு வந்தபோது கதை முழுக்க வளர்ந்து ஆளாகியிருந்தது. அன்று ராத்திரி வரை அவர் போனை வைக்கவில்லை. "நான்தான் அவளைத் திரும்ப உள்ள அனுப்பினேன். பொம்பளையை அனுப்பினா அவன் இளகிடுவான்னு எனக்குத் தெரியும். அதெல்லாம் ஒரு கணக்கு." அந்தப் பக்கம் பேசியது அவருடைய ஒன்றுவிட்ட தங்கையின் கணவர். அவருக்கு ஒரு கட்டில் வாங்க வேண்டுமாம். "கவலையே படாதீங்க மாப்பிள்ளை. நாளைக்கே வரேன். இப்பதான் நம்மகிட்ட கார் இருக்கே." அவள் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். தலைகீழாகப் புரட்டின கதையைத் திருத்துவதற்கு அவளுக்கு நேரமில்லை. காலையில் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை அவள் பையோடு வெளியே வந்தால், அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காரின் பக்கத்து சீட்டில் பெல்ட் மாட்டித் தயாராக உட்கார்ந்திருக்கிறார்.

"என்னங்க இது?"

"லீவு போட்டுட்டேன். போற வழியில என்னை மாப்பிள்ளை வீட்ல விட்டுட்டு, மத்தியானம் வந்து கட்டில் கடைக்குக் கூட்டிட்டுப் போ."

"போற வழியில எனக்கு நாலு வீடு இருக்கு. இறங்குங்க."

"சரி, கடை வேணாம். மாப்பிள்ளை வீடு மட்டும்."

அவள் சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மெயின் ரோடு வரைக்குமாவது விடு."

அவள் கதவை இன்னும் அகலமாகத் திறந்தாள்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும். அதுல என்ன குறைஞ்சுடப் போற?"

பெல்ட்டை அவளே கழற்றிவிட்டாள். தினமும் எத்தனையோ பேருக்குக் கழற்றிப் பழகிய கை. அவர் பெல்ட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"தெருமுனை?"

"இறங்குங்க."

இறங்கினார். அவள் வண்டியை நிதானமாகப் பின்னால் எடுத்து, திருப்பி, தெருவில் இறக்கிப் போனாள். தள்ளுபடியார் வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் சட்டைக் கையை மடித்தார். பிறகு போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், வேன் சும்மாதானே நிக்குது?"