ரவ்ஹியாவின் முன்பல்

எகிப்தின் தமன்ஹூர் ஊரில் கல்யாணம் என்றால் ரவ்ஹியா வந்து குலவையிட வேண்டும். அவள் நாக்கைச் சுழற்றினால் நாலு தெருவுக்குக் கேட்கும். சர்க்கரை வியாதி வந்தும் குரல் அசையவில்லை, பல்தான் ஆடியது.

ஈறு வீங்கியிருந்தது, துலக்கினால் ரத்தம் வந்தது. பிரஷ்தான் குத்துகிறது என்று முடிவுகட்டி, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிராம்பு மென்று காலம் தள்ளினாள்.

பக்கத்து வீட்டு சனிய்யா மகளின் கல்யாணத்தில், குலவை உச்சத்தில் இருந்தபோது முன்பல் ஒன்று பிய்த்துக்கொண்டு போய், மாப்பிள்ளையின் தாயார் வைத்திருந்த ரோஜா சர்பத்தில் விழுந்தது.

அந்த அம்மாள் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். "உங்க வீட்ல ஐஸ்கட்டிய இவ்ளோ சின்னதாவா போடுவீங்க?"

ரவ்ஹியா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

"எல்லாரும் மொய்யா பணம் வச்சாங்க, நீ பல்ல வச்சிட்டு வந்தியாக்கும்" என்றார் கணவர் ஷவ்கி.

மறுநாள் அவரே பல் மருத்துவரிடம் கூட்டிப் போனார். பயத்தில் அவளுக்குக் காலை உணவு இறங்கவில்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கியிருந்தாள். நாற்காலியில் சாய்ந்ததும் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. டாக்டர் நெர்மீன் அவள் விரலில் குத்திப் பார்த்து, சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று உடனே மாம்பழச் சாறு கொடுத்தார்.

"இனிப்பத் தொடாதேன்னு ஊரே திட்டுது. நீங்க ஊட்டியே விடுறீங்களே டாக்டரம்மா."

"மாத்திரை போட்டுட்டுப் பட்டினியா வந்தா ஊட்டத்தான் வேணும். இனிமே சாப்பிட்டுட்டு வாங்க."

நடுக்கம் அடங்கியதும் வாயைப் பார்த்தார். "ரத்தம் வருதுன்னா ஈறு கெட்டிருக்குன்னு அர்த்தம். துலக்காம விட்டா இன்னும் கெடும். சர்க்கரை ஏறினா ஈறு கெடும். ஈறு கெட்டா சர்க்கரை இறங்க மாட்டேங்கும். மெத்துனு இருக்கிற பிரஷ்ஷா வாங்கி காலையிலயும் ராத்திரியும் துலக்குங்க. பல்லுக்கு நடுவுல நூல் விட்டு எடுங்க."

"நூலா? நான் என்ன தையல் மெஷினா?"

கேலி பேசினாலும் சொன்னபடி செய்தாள். பல்லடியில் படிந்திருந்த காரையை டாக்டர் சுரண்டி எடுத்தார். சில மாதங்களில் ரத்தம் நின்றது, மற்ற பற்கள் பிழைத்தன, சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியது. மருத்துவருக்கே ஆச்சரியமூட்டும் அளவுக்கு ரவ்ஹியாவுக்கு ஈறு பைத்தியம் பிடித்தது.

ஒரு நாள் கேஸ் சிலிண்டர்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"இத எங்கம்மா வைக்க?"

"கீழ வைப்பா. வாயத் திற."

"எதுக்கும்மா?"

"நீ மூச்சு வாங்குறப்பவே பாத்தேன், ஈறு செவந்திருக்கு. சர்க்கரை பாத்தியா நீ?"

உள்ளேயிருந்து ஷவ்கி குரல் கொடுத்தார். "திறந்து காட்டிடுப்பா. அதுக்கு முன்னாடி உன்னைய விடமாட்டா."