காதுக்காரரின் பூச்சி

ஏரிக்கரையில் பறவை பார்க்கிறவர்கள் அவரைக் காதுக்காரர் என்று அழைத்தார்கள். கடைவீதியில் மூக்குக்கண்ணாடி விற்கிறவருக்கு இப்படி ஒரு பெயர். மற்றவர்கள் கழுத்தில் தொலைநோக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளை கிளையாகத் தேடுவார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "வலது பக்கம், சாஞ்ச மரம், மீன்கொத்தி" என்பார். எல்லோரும் வலது பக்கம் திரும்புவார்கள். மீன்கொத்தி இருக்கும்.

கடையில் அவர் வேறு ஆள். கண்ணாடி போட வெட்கப்படுகிறவர்களிடம் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்வார்: "குறை எல்லாருக்கும் இருக்குங்க. மறைச்சாத்தான் அசிங்கம்." இந்த வாக்கியத்தால் நிறையக் கண்ணாடிகள் விற்றிருக்கின்றன.

வயது ஏற ஏற அவருடைய காதிலிருந்து மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. பேச்சு கேட்டது. பஸ் கேட்டது. மீன்கொத்தியும் காகமும் கேட்டன. ஊசிபோல வருகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை. அப்படி ஒன்று கேட்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

பனிக்காலத்தில் தூர தேசத்திலிருந்து வரும் இலைக்குருவியின் சத்தம் ஊசிச் சத்தம். குருவி இலை அளவுதான், நிறமும் இலையின் நிறம். கண்ணில் படுவது அபூர்வம். சத்தத்தை வைத்துத்தான் வந்துவிட்டது என்று சொல்ல முடியும். பறவை பார்க்கிறவர்களின் சங்கத்தில் அதைச் சொல்கிறவர் காதுக்காரர். மூன்று பனிக்காலமாக அவர் சொல்லவில்லை. ஆகவே குருவி வரவில்லை.

வங்கியில் காசாளராக இருக்கும் பெண்தான் சங்கச் செயலாளர். ஒரு காலையில் அவர் கேட்டார்: "சார், ட்சிக் ட்சிக்னு ஒண்ணு கத்திக்கிட்டே இருக்கே, அது என்ன?"

காதுக்காரருக்கு எதுவும் கேட்கவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"பூச்சி" என்றார்.

அன்றிலிருந்து அது பூச்சியாகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்குச் செயலாளரே சொல்லிக்கொடுத்தார். மரமெல்லாம் பூச்சி கத்தியது, குருவி மட்டும் வரவில்லை.

வராததற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. கரையோரம் மரம் அறுக்கும் பட்டறை இருந்தது. அதன் ரம்பம் காலையிலேயே அலற ஆரம்பித்துவிடும். பட்டறையை அங்கிருந்து அகற்றச் சொல்லிச் சங்கம் நகராட்சிக்கு மனுக் கொடுத்தது. முதல் கையெழுத்து காதுக்காரருடையது. பட்டறை அவர் மனைவியின் தம்பியுடையது. சொந்தபந்தம் பார்க்காத மனுஷன் என்று சங்கத்தில் அவருக்கு மதிப்பு கூடியது. வீட்டில் குறைந்தது.

நகராட்சி அதிகாரி பார்வையிட வருவதற்கு முந்தின நாள் காலை, மனைவி ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு என் தம்பி வயித்துல அடிச்சுட்டு வந்து சாப்பிட உக்காருவீங்க."

"நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"ஆமா, பெரிய நீதிபதி. கோட்டுதான் இல்ல." ஒரு போர்வையை உதறினாள். "அது கிடக்கட்டும். இந்த ட்சிக் ட்சிக் என்னது? விடியறதுக்குள்ள ஆரம்பிச்சு உயிரை வாங்குது."

"எங்க?"

"எங்கயா? உங்க மூக்குக்கு நேரா."

அவர் வெளியே பார்த்தார். கண்ணில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கிளையில் ஓர் இலை தாவி இன்னொரு கிளையில் உட்கார்ந்தது. அதற்கு அலகு இருந்தது. அலகு திறந்தது, மூடியது, திறந்தது.

"இப்பக் கத்துதா?"

"காது கிழியுது. ஏன், உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் மடித்து வைத்த துணிமேலேயே உட்கார்ந்தார். மனைவி கையில் போர்வையோடு அவரையே பார்த்தாள். திட்டவில்லை. அது அவரைப் பயமுறுத்தியது.

"நாளைக்குச் சொல்லிடுங்க" என்றாள்.

மறுநாள் அதிகாரி மப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். சங்கம் முழுக்கத் திரண்டிருந்தது. பட்டறை வாசலில் புருவமெல்லாம் மரத்தூளாக மைத்துனர் நின்றார். உள்ளே ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.

"குருவி வந்திருக்கு" என்றார் காதுக்காரர். "வராம இருந்ததே இல்ல. அந்த ட்சிக் ட்சிக்தான் அது."

செயலாளர் பொறுமையாகச் சிரித்தார். "சார், அது பூச்சி. நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க."

"தெரியாம சொன்னேன். எனக்கு அந்தச் சத்தம் கேக்காது."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பின்னால் நின்ற பல் டாக்டர் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார்: "பாவம், வீட்டுல என்ன நெருக்கடியோ."

"நெருக்கடியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று காதுக்காரர் திரும்பினார்.

பல் டாக்டர் அதிகாரியைப் பெருமையாகப் பார்த்தார். "பாத்தீங்களா? இதுதாங்க அவர் காது."

மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அவருக்குக் காது மந்தமாகி மூணு வருஷம் ஆச்சுங்க. பேச்சு கேக்கும், குருவி கேக்காது."

"அதெப்படிக்கா, ஆளுக்கு ஒரு காது, குருவிக்கு ஒரு காதா?" என்றார் செயலாளர். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "தம்பிக்காகக் கட்டின புருஷனையே செவிடுன்னு சொல்றீங்களே."

"மாமா, நீங்க பேசாம இருந்தாலே எனக்குக் கோடிப் புண்ணியம்" என்றார் மைத்துனர்.

அதிகாரிக்குக் குளிரெடுத்தது. சீக்கிரம் முடிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். "ரம்பத்தை நிறுத்துங்க. நிறுத்தினதும் குருவி வந்தா, பட்டறைதான் இடைஞ்சல்னு அர்த்தம். நிறுத்தியும் வரலைன்னா, அதை ஒரேயடியா விரட்டியாச்சுன்னு அர்த்தம். எதுன்னு இவர் கேட்டுச் சொல்லட்டும்."

"ரெண்டுக்கும் மூடணும், அப்படித்தானே?" என்றார் மைத்துனர்.

"அதைப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்."

ரம்பம் சுழன்று ஓய்ந்தது. ஏரிக்கரை இத்தனை அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. செயலாளர் உதட்டில் விரல் வைத்தார். ஒருவரும் மரங்களைப் பார்க்கவில்லை, காதுக்காரரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் பழக்கத்தில் கண்ணை மூடினார். பிறகு திறந்தார்.

"உங்களுக்கு என்ன கேக்குது?" என்று செயலாளரிடம் கேட்டார்.

"பூச்சி மட்டும்தான் சார். நாலா பக்கமும் பூச்சி."

"அதைத்தாம்மா நான்..."

"பெரியவரே," என்றார் அதிகாரி, "அவங்களுக்குக் கேக்கறது இருக்கட்டும். உங்களுக்குக் குருவி கேக்குதா, இல்லையா? ஒரே வார்த்தை."

காதுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தலை லேசாக ஆடியது. ஆம் என்று ஆடியதா, இல்லை என்று ஆடியதா என்று தெரியவில்லை.

"இல்லை" என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டு வண்டிக்குப் போனார். மைத்துனர் உள்ளே போய் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வந்து பட்டறையின் ஷட்டர் கதவை இழுத்தார். அது பாதியில் சிக்கியது. மனைவி ஓடிப்போய் மறுபக்கம் பிடித்துக் கீழே தள்ளினாள். அக்காவும் தம்பியும் திரும்பிப் பார்க்காமல் தெருப்பக்கம் நடந்தார்கள்.

செயலாளர் காதுக்காரரின் கையைத் தொட்டார். கண் கலங்கியிருந்தது.

"கடைசியில உண்மையைச் சொல்லிட்டீங்க சார்."