சந்தனம் வைத்த கிடார்

சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளாக மெஷின் சத்தத்துக்கு நடுவே நிற்கிறவன் நான். போன சீசன் முடிந்ததும் காது டாக்டரிடம் போனேன். "லெஃப்ட் காது கொஞ்சம் மந்தம். பாத்துக்குங்க," என்றார். காதை எப்படிப் பார்த்துக்கொள்வது? வீட்டுக்கு வந்து கிடாரை எடுத்து வாசித்தேன். நன்றாகத்தான் கேட்டது. டாக்டர் சும்மா பயமுறுத்துகிறார் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கிடார் என்னைவிட வயதில் மூத்தது. வயலினைப் போல மேடான முகம், இரண்டு பக்கமும் வளைந்த துளைகள். கரண்ட் வேண்டாம், மரமே முழங்கும். ரேணிகுண்டாவில் ரிட்டயர்டு ரயில்வே கார்டு ஒருவரிடம் வாங்கினேன். சர்ச்சில் வாசித்தவர். விரல் மடங்காமல் போனதால் விற்றார். கொடுக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கொடுத்தார்.

சரஸ்வதி பூஜை வந்தால் என் மனைவி மிக்சியிலிருந்து ஸ்கூட்டர் வரை எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்பாள். கிடாருக்கும் சந்தனம் உண்டு. பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து வாசித்தே ஆகவேண்டும். எடுத்தேன். தூக்கிவாரிப் போட்டது.

துடைத்ததில் தளர்ந்திருந்த தந்திகளை முறுக்கியதும், போனில் சுருதி பார்க்கும் ட்யூனர் ஆறு தந்திக்கும் பச்சை காட்டியது. ஆனால் விரல் மேலே போகப் போக ஸ்வரம் விலகியது. போன் சரி, தந்தி சரி என்றால் கெட்டுப்போனது என் காதுதானே? யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு பயம். சட்னியில் உப்பு கூடினதற்கெல்லாம் மனைவியிடம் எரிந்து விழுந்தேன். எப்போதும் ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுப்பவள், வாயே திறக்கவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, விற்பனைக்கு என்று ஆன்லைனில் போட்டோ போட்டேன்.

திருச்சானூரில் லாட்ஜ் நடத்தும் ஒருவர் வந்தார். அவரிடமும் இதே மாடல் ஒன்று இருக்கிறதாம்.

"என்னுது வெயில்ல பொளந்துகினு ரெண்டு வருஷம் பீரோ மேல கெடந்துச்சு சார். திட்டிக்கினேதான் ரிப்பேர் பண்ணேன்," என்றபடி மடியில் வைத்து வாசித்தார். முகம் சுளித்தார்.

"உங்களுக்கும் தப்பாவா கேக்குது?" என்றேன்.

"காது இருக்கற யாருக்கும் கேக்கும் சார்!"

தந்திகளைத் தாங்கும் மரத்துண்டை, அதுதான் பிரிட்ஜ், கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. "இத ஒட்டவே கூடாது. தந்தியோட அழுத்தத்துலதான் நிக்கும். யாரோ எடம் மாத்தி ஒட்டிக்கிறாங்க."

சமையலறை வாசலில் என் மனைவி நின்றிருந்தாள்.

"நான்தாங்க. தொடைக்கறதுக்குத் தந்திய எல்லாம் கழட்டினேன். அந்தக் கட்டை கையோட வந்துட்ச்சு. ஒடைச்சிட்டேன்னு நெனச்சி பசை போட்டு ஒட்டி, தந்தியயும் திரும்ப மாட்டிட்டேன். அப்புறம் நீங்க வாசிக்கறதயே வுட்டுட்டீங்க. எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் வரவேண்டிய நேரம். சிரிப்புதான் வந்தது, கூடவே கண்ணீரும். என் காதுக்காக நான் பயந்து கிடந்த இரண்டு மாதமும் அவள் கிடாருக்காகப் பயந்திருக்கிறாள்.

தந்திகளைத் தளர்த்தி, வெந்நீரில் நனைத்த துணியை வைத்து வைத்து, அரைமணி நேரத்தில் பிரிட்ஜைப் பெயர்த்தோம். அவர் ஸ்கேல் கேட்டார். தந்தி தொடங்கும் இடத்திலிருந்து கிடார் கழுத்திலிருக்கும் பன்னிரண்டாம் கட்டம் வரை அளந்தார். அங்கிருந்து அதே தூரத்தில் பிரிட்ஜை நிறுத்தித் தந்திகளை முறுக்கினார்.

அவர் வாசிக்க ஆரம்பித்ததும், வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு அந்த மந்தமான இடது காதால் மட்டும் கேட்டேன். கொஞ்சம் தூரத்திலிருந்துதான் வந்தது. ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் அதனதன் இடத்தில் இருந்தது.

"சார், இன்னொரு தடவை வாசிங்க," என்றேன்.