தேங்காய் மூட்டை பின்னுக்கு, அம்மன் மாலை முன்னுக்கு!

இன்று ஓட்டோபான் நெடுஞ்சாலையில் என் கார் சாமி வந்ததுபோல் உருவாடியது!

(காவடி எடுக்கவில்லை. ட்ரெயிலர்தான் எடுத்தோம்.)

இங்கே ஜெர்மனியில், ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழா. அம்மனுக்குச் சாத்தும் மாலை என் கணவர் தன் கையாலேயே கட்டியது. தேர் புறப்படுவதற்குள் போய்ச் சேராவிட்டால் மனுஷன் அழுதே விடுவார்.

எங்கள் ட்ரெயிலர் பழுது. அயல்வீட்டில் ஒன்று இரவல் வாங்கினோம்.

சாமான் ஏற்றியது இவர். முன்பாதி முழுவதும் மாலைப் பெட்டி மட்டும்!

"அம்மன்ர மாலையில வேற ஒண்டும் முட்டக்கூடாது!"

சிதறுதேங்காய் மூட்டைகள் எல்லாம் கடைசிப் பின்னுக்கு. வருஷா வருஷம் இப்படித்தான் ஏற்றுவார். ஒரு நாளும் ஒன்றும் நடந்ததில்லை.

கார் ஓட்டியது நான். எண்பதைத் தொட்டதும் ட்ரெயிலர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, காரின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. உண்மையாகவே பயந்துவிட்டேன்.

"ஐயோ, என்னப்பா நடக்குது?" என்று கத்தினார் இவர்.

"கத்தாதேங்கோ!"

ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வேகம் குறைய ஆட்டமும் அடங்கியது.

அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிப் பார்த்தால், காரின் பின்பக்கம் எழும்பி நிற்கிறது!

"இஞ்ச பாருங்கோ. எங்கட ட்ரெயிலர்ல அச்சு நடுவுக்குக் கொஞ்சம் பின்னுக்கு. அதால முன்பக்கம் காரில அமந்து நிக்கும். இதில அச்சு சரி நடுவில. உங்கட தேங்காய் பின்னால அமத்த, முன்பக்கம் காரைத் தூக்குது."

"அப்ப என்ன செய்யிறது?"

"மூட்டையள் அச்சுக்கு மேலயும், அதுக்குக் கொஞ்சம் முன்னுக்கும் வரவேணும்."

"மாலை?"

"காருக்குள்ள, பின் சீற்றில வைப்பம்."

"அம்மன்ர மாலை பின் சீற்றிலயோ? ஏலாது!"

ஆகவே மாலை முன் சீற்றில், பெல்ட்டும் போட்டு. இவர் பின்னால்.

அதற்குப் பிறகு ட்ரெயிலர் ஆடவே இல்லை. நல்ல பிள்ளையாகப் பின்னால் வந்தது.

தேருக்கு முன்பே சேர்ந்துவிட்டோம்! அந்த மாலையோடு அம்மன் தேரேறியபோது இவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

திரும்பும்போது முன் சீற் காலி. "வாங்கோ, ஏறுங்கோ" என்றேன்.

இவர் அந்தச் சீற்றைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பின்னால் போய் ஏறினார்.

"அம்மன்ர மாலை இருந்த இடமப்பா. நான் எப்பிடி அதில இருக்கிறது?"

நட்புகளே, இனி வாழ்நாள் முழுக்க நான் இவருக்கு டாக்சி ட்ரைவர்தானா?