மலைக்காவலனுக்குக் குரல் கொடுத்தவர்

சின்னமனூரில் கல்யாண வீடியோ எடுக்க ஆள் வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சண்முகராஜ் ஸ்டுடியோவுக்குத்தான் வழி சொல்வார்கள். உம்மென்று நிற்கிற மாப்பிள்ளையைக்கூட அரை நிமிஷத்தில் சிரிக்க வைத்துவிடுவார். ஆனால் அவரிடம் போய் நல்ல கல்யாண வீடியோக்காரர் என்று புகழ்ந்தால் முகம் சுருங்கிவிடும். கல்யாணம் சோற்றுக்கு, மலைக்காவலன்தான் பேருக்கு என்பார்.

மலைக்காவலன் என்பது அவரே எழுதி, அவரே எடுத்து, அவரே வெட்டி ஒட்டி, ஞாயிற்றுக்கிழமைதோறும் உள்ளூர் கேபிளிலும் யூடியூபிலும் விடுகிற சூப்பர் ஹீரோ தொடர். ஒரு பாகம் ஏழு நிமிஷம். கல்யாண மேடைக்கு வாங்கி மிஞ்சிப்போன பச்சை வெல்வெட்டில் காவலனுக்கு அங்கி. நாடி வரைக்கும் மூடுகிற முகமூடி. வாழை லாரியின் உச்சியிலிருந்து குதித்து, காட்டுப்பன்றிகளையும் போலிச் சீட்டுக் கம்பெனிக்காரர்களையும் துரத்துவான்.

முகமூடிக்குள் இருப்பது மொக்கைச்சாமி. ஆறடி உயரம், எங்கிருந்து வேண்டுமானாலும் குதிப்பான். வாயைத் திறந்தால்தான் வம்பு. கோழிக்குஞ்சு மாதிரி குரல். அதனால் வசனம் முழுவதும் சண்முகராஜே பிற்பாடு ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசிச் சேர்ப்பார். வாய் தெரியாததால் எப்போது என்ன வசனத்தை வைத்தாலும் பொருந்தும். மொக்கைச்சாமி வாரம் முழுக்க விடியலில் ஜீப் ஏறிக் கேரளத்து ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போகிறவன். ஆகவே இந்தப் பள்ளத்தாக்கில் தீமையும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் தலைகாட்ட வேண்டியிருந்தது.

தொடருக்குத் தணிக்கைக் குழு ஒன்று உண்டு. அது அவர் மனைவி முத்துலட்சுமி. ஸ்டுடியோவை ஒட்டிய அறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம், தைத்த ஜாக்கெட்டுகளுக்கு இஸ்திரி போடும்போது அவள் முன்னால் கம்ப்யூட்டரைத் திருப்பி வைப்பார். அவள் சிரித்தால் படம் வெளியே போகும். சிரிக்காவிட்டால் மறுபடி வெட்டு. எட்டு வருஷமாக இந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

அப்படி ஓடிக்கொண்டிருந்த தொடருக்குள் அரசியல் வந்தது. நகராட்சித் தேர்தலில் கவுன்சிலருக்கு நிற்கப்போகிற நாகராஜ் வந்தார். திராட்சைத் தோட்டக்காரர். நாற்காலியில் உட்காரும்போதே பேச்சை ஆரம்பித்துவிடுகிற ஆள்.

"தம்பி, சித்திரைத் தேருக்கு மைதானத்துல பெரிய எல்.இ.டி. திரை வைக்கப் போறேன். மொத நிகழ்ச்சி நம்ம மலைக்காவலன்தான். ஊரே பாக்கும். ஆனா கொஞ்சம் கருத்து வேணும்."

"என்ன கருத்துண்ணே?"

"வெளியூர்க்காரன் வந்து நம்ம சோத்துல கை வைக்கிறான்ல, அது. வெளிநாட்டு சூப்பர் ஹீரோ சீரியல் எல்லாத்துலயும் அதானே இருக்கு? வேத்துக் கிரகத்துல இருந்து கூட்டமா வாராக, ஹீரோ தொரத்திவிடுறாரு. நம்மளும் செய்வோம்."

அந்தச் சீரியல்களில் பாதியில் ஹீரோவே வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவன்தான் என்பது சண்முகராஜுக்குத் தெரியும். நாகராஜின் திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டுவதே ஒடிசாக்காரர்கள்தான் என்பதும் தெரியும். ஊருக்கு உபதேசம் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார். ஆனால் கண்ணுக்கு முன்னால் அந்தத் திரை விரிந்துவிட்டது. செல்போன் அகலத்திலேயே எட்டு வருஷம் பறந்த காவலன், தேர் மைதானத்தில், ஊர் அண்ணாந்து பார்க்க! கருத்துத்தானே, வைத்தால் போச்சு என்று தலையை ஆட்டிவிட்டார்.

படப்பிடிப்பு கம்பம்மெட்டு மலைப்பாதையில். வெளியூர்க் கூட்டம் மூட்டை முடிச்சோடு மலையிறங்கி வர வேண்டும். அதில் நடிக்க உள்ளூரில் ஒருத்தரும் வரவில்லை. வில்லன் என்றால்கூட வந்திருப்பார்கள், பிழைக்க வந்தவனாக நிற்பது கௌரவக் குறைச்சலாம். கடைசியில் நாகராஜே தன் தோட்டத்து ஒடிசாக்காரர்களை வேனில் ஏற்றி அனுப்பினார். கதை என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. லீவு நாளில் மலைக்குக் கூட்டிவந்த சந்தோஷத்தில் அவர்கள் காவலனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

சண்முகராஜ் பாதையில் மேலும் கீழும் நடந்து, ஒரு வளைவைப் பார்த்ததும் நின்றார். கேமராவை முட்டி உயரத்தில் தாழ்த்தி வைத்தார். மேலே பாறை, கீழே சரிவு, நடுவில் வரிசையாக மனிதர்கள் இறங்கி வருவது அப்படியே சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது. கை தானாகவே இடம் பிடித்துவிட்டது என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

கூட்டத்துக்கு முன்னால் சபிதா என்ற பெண், தலையில் மூட்டையோடு வந்தாள். மலைக்காவலன் கையை நீட்டித் தடுக்க வேண்டும். மொக்கைச்சாமி கம்பீரமாகக் கையை நீட்டினான். நீட்டியவன், அவள் தலையிலிருந்த மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டான்.

"கட்! ஏலே மொக்கை, நீ அவுகளைத் தொரத்தணும்டா!"

"கை தானாப் போயிருச்சுண்ணே. மலைப்பாதையில சொமையோட ஆளு வந்தா கொஞ்சத் தூரம் மாத்தி வாங்குறதுதான எங்களுக்கு வழக்கம்? ஏலக்காட்டுல யாரு வாங்காமப் போவாக?"

நல்ல சூப்பர் ஹீரோ என்று தலையில் அடித்துக்கொண்டு இரண்டாவது முறை எடுத்தார். அது சரியாக வந்தது. ஸ்டுடியோவுக்கு வந்து இடிக்குரலில் வசனத்தைப் பேசினார்: "நில்! இது எங்கள் பள்ளத்தாக்கு! வந்த வழியே திரும்பிப் போ!" எதிரொலியும் சேர்த்தார். கேட்கக் கேட்க அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் திரும்பியது. முத்துலட்சுமி இஸ்திரியை ஓட்டிக்கொண்டே பார்த்தாள். வரிசை மலையிறங்கி வந்தது. மூட்டைகள் வந்தன. காவலன் கையை நீட்டி முழங்கினான். இஸ்திரிப் பெட்டி ஒரே ஜாக்கெட்டின் ஒரே கையில் போய்ப் போய் வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"நீளமா இருக்கோ? அரை நிமிஷம் வெட்டிரவா?" என்றார்.

"இது அந்த வளைவுதான?"

"எந்த வளைவு?"

"கேமராவைக்கூட அதே எடத்துலதான் வச்சிருக்கீக," என்றாள் முத்துலட்சுமி. "அந்த வரிசையில நாலாவதா நான் வந்தேன்."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பதினாலு வருஷத்துக்கு முன்னால், கேரளத்தோடு அணைத் தகராறு முற்றிய டிசம்பர். எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலக்காட்டில் வேலை பார்த்த தமிழ் ஜனம் பயந்துபோய் மூட்டை கட்டிக்கொண்டு நடந்தே மலையிறங்கியது. சண்முகராஜ் அப்போது உள்ளூர் கேபிள் செய்திக்குக் கேமரா தூக்கிக்கொண்டிருந்தார். இதே வளைவில், இதே முட்டி உயரத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தார். நாலாவதாக வந்த பெண் தலைச்சுமையோடு நின்று, "படம் பிடிக்க இது என்ன மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று கேட்டுவிட்டாள். அவர் கேமராவை அணைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் மூட்டையைக் கேட்டு வாங்கினார். அடிவாரம் வரை சுமந்தார். மறு வருஷம் கல்யாணம். மூட்டையைத் தூக்க வந்த மனுஷன் என்னையும் சேர்த்துத் தூக்கிட்டாக என்று அவள் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கிற கதை அது.

"அன்னைக்கு எங்களை இந்தப் பக்கமும் திரும்பிப் போன்னு சொல்லியிருந்தா நாங்க எங்கன போயிருப்போம்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "மாத்தச் சொல்லலை. உங்க படம், உங்க இஷ்டம்."

அவள் அடுத்த ஜாக்கெட்டை எடுத்து விரித்தாள். சண்முகராஜ் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் போய் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. தேர் மைதானத்துத் திரை ஒரு பக்கம் கண்ணைப் பறித்தது. அரை மணி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாகராஜுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, கதையில சின்ன மாத்தம். காவலன் தொரத்த மாட்டான்."

"பெறகு என்ன செய்வான்?"

"மூட்டை தூக்குவான்."

"தம்பி, லோடுமேன் படத்துக்கு நான் எதுக்குத் திரை வைக்கணும்? பாட்டுக் கச்சேரி போட்டுக்கிறேன்," என்று நாகராஜ் போனை வைத்துவிட்டார். எட்டு வருஷக் கனவு இரண்டு நிமிஷத்தில் சுருட்டிக்கொண்டு போனது. சண்முகராஜுக்கு வருத்தம்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

மறுபடி படம் எடுக்க வேண்டிய வேலையே இல்லை. மொக்கைச்சாமி கெடுத்துவைத்த முதல் ஷாட் அழியாமல் இருந்தது. காவலன் கையை நீட்டுகிறான், மூட்டையை வாங்குகிறான், வெல்வெட் அங்கி காற்றில் பறக்கத் தலைச்சுமையோடு முன்னால் நடக்கிறான். வாய்தான் தெரியாதே. அதே இடிக்குரலில், "மூட்டையைக் கொடுங்கள்! நான் சுமந்து வருகிறேன்!" என்று பேசி, எதிரொலியும் சேர்த்து, கம்ப்யூட்டரை மறுபடி முத்துலட்சுமி முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

பார்த்தாள். உதட்டோரம் லேசாக அசைந்தது. முழுச் சிரிப்பு வரவில்லை.

"இன்னும் என்ன கொறை?"

"அன்னைக்கு இவ்வளவு கம்பீரமாவா கேட்டீக? கொரல் நடுங்குச்சுல்ல. பாதி வார்த்தை எனக்கு வெளங்கவே இல்லை."

"அது சூப்பர் ஹீரோம்மா. நடுங்குனா நல்லாவா இருக்கும்?"

அவள் இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுத்தாள். அப்பீல் கிடையாது. சண்முகராஜ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மைக்கைப் பிடித்து, நாலாவதாக வந்து நின்ற அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு, "மூட்டையைக் குடுங்க... நான் கொண்டாறேன்," என்றார். நடுக்கத்துக்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை.

கதவுக்கு வெளியே முத்துலட்சுமி சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் எதிரொலியைக்கூடச் சேர்க்காமல் படத்தை ஏற்றிவிட்டார்.