பச்சைத்தண்ணியும் குடியாத பிளாட்டினம் மெம்பர்

ஹோட்டல் வரவேற்பு மேசையில் நிற்பவருக்குக் கால் பலமாக இருக்க வேண்டும், தோல் அதைவிடத் தடிப்பாக இருக்க வேண்டும். எனக்குக் கால் பரவாயில்லை. தோல் தடிக்கத்தான் ஆறு மாதம் எடுத்தது. நீங்கள் போடாத விதிக்கு நீங்கள் ஏச்சு வாங்கியிருக்கிறீர்களா? வங்கிக் கவுன்டரில் இருப்பவரோ, பஸ் கொண்டக்டரோ, ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டு கொடுப்பவரோ, யாராக இருந்தாலும் வாருங்கள், கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள். நாமெல்லாம் சொந்தக்காரர்.

விஷயம் இதுதான். உலகமெங்கும் கிளை வைத்திருக்கும் ஒரு கொம்பனி, எங்கள் தீவில், கரம்பொன் கடற்கரையோரமாக ஒரு ரிசோர்ட் திறந்தது. புளியங்கூடலில் இருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் எனக்கு வேலை! கடிதம் கையில் கிடைத்த அன்று முற்றத்தில் நின்று துள்ளினேன். அந்தக் கொம்பனியின் ஹோட்டல்களில் அடிக்கடி தங்குகிறவர்களுக்கு 'மெம்பர்' என்று பெயர். ஒவ்வொரு முறை தங்கும்போதும் அவர்கள் கணக்கில் புள்ளி சேரும். வெள்ளி அட்டை, தங்க அட்டை, பிளாட்டினம் அட்டை என்று படி ஏறலாம். புள்ளி போதுமென்றால் அறை இலவசம். ஆனால் அறை இலவசமானாலும் 'ரிசோர்ட் கட்டணம்' என்று ஒன்றை நாளுக்கு இவ்வளவு என்று வாங்க வேண்டும். நீச்சல் தடாகம், வைஃபை, சைக்கிள், யோகா, கடற்கரைத் துவாய், வரவேற்புப் பானம் எல்லாம் அதற்குள் அடக்கம். 'எனக்கு ஒன்றுமே வேண்டாம்' என்று மெம்பர் சொன்னாலும் கட்டத்தான் வேண்டும். அதை வாசலில் வைத்துச் சொல்லும் வாய் என்னுடையது.

போகும்போது மெம்பர்மார் எனக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க்ஸ் போடுவார்கள். ஆறு மாத முடிவில் சராசரி எட்டுக்குக் குறைந்தால் வேலை நிரந்தரமாகாது. கட்டணம் போடுவது கொம்பனி, மார்க்ஸ் குறைவது எனக்கு! எங்கேயாவது அடுக்குமா?

தீபமும் தட்டமும்

முதல் வாரமே ரொறன்ரோவில் இருந்து ஒரு அன்ரி வந்தா. கரம்பொன்தான் சொந்த ஊர். தங்க அட்டை. இரண்டு நாள் அறை புள்ளிக்கு இலவசம். "கனடாக்காரி சும்மா தங்கப்போறா" என்ற செய்தி அவவுக்கு முன்னமே ஊருக்கு வந்துவிட்டது. அதைக் கண்ணால் பார்க்க ஒரு வான் நிறையச் சொந்தம் கூடவே வந்து இறங்கியது. மச்சாள்மார் இரண்டு பேர் எனது மேசையிலேயே முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தானா நான் வாயைத் திறக்க வேண்டும்! "அன்ரி, அறைக்கு ஒண்டும் இல்லை, ஆனா ரிசோர்ட் கட்டணம் எண்டு ஒண்டு இருக்கு" என்றேன். மச்சாள்மார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார்வை என்றால் அது பார்வை! அன்ரியின் முகம் சிவந்து போயிற்று. எனக்கு மேசைக்குக் கீழே ஒளிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அவ காசைக் கட்டினா, அறைத் திறப்பை வாங்கினா, இரண்டு அடி வைத்துத் திரும்பி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னா:

"பிள்ளை, கோயில் ஐயர் கூடத் தீபத்தைக் காட்டிப்போட்டுத்தான் தட்டத்தை நீட்டுவார்."

அறை ஆக்கள்

லண்டனில் இருந்து வந்த ஒரு அண்ணை சண்டை பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே கட்டணத்தைக் கட்டினார். "எதுக்கெல்லாம் இது?" என்று பட்டியலைக் கேட்டு வாங்கினார். பேனையும் கேட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் விடிய ஆறு மணிக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யோகாவுக்கு வந்து நின்றார். பட்டியலில் அதற்கு நேரே சரி போட்டார். சைக்கிள் எடுத்து அல்லைப்பிட்டி வரை மிதித்துவிட்டு வந்தார். சரி போட்டார். துவாய் இரண்டு கேட்டார், அதற்கும் ஒரு சரி. பின்னேரம் நீச்சல் தடாகத்தில் இருந்து ஒரே ஆரவாரம்! ஓடிப்போய்ப் பார்த்தால் சித்தப்பா, பெரியம்மா, குஞ்சு குருமான் என்று பதினேழு பேர் தண்ணீருக்குள். ஒரு மாமி சேலையோடு படிக்கட்டில் இருந்து காலை நனைத்துக்கொண்டு வைஃபையில் ஜெர்மனிக்குக் கதைத்துக்கொண்டிருந்தா. எங்கள் மனேஜர் கொழும்புக்காரர், தமிழர்தான், ஆனால் தீவு அவருக்குப் புதிது. பதறிப்போய், "அறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தானே தடாகம், இவர்களெல்லாம் யார்?" என்று கேட்டார். அண்ணை தண்ணீருக்குள் நின்றபடியே பதில் சொன்னார்:

"எல்லாரும் என்ரை அறை ஆக்கள்தான் சேர், உடுப்புப் பெட்டி மட்டும் அவையின்ரை வீட்டிலை இருக்கு."

கடற் சவாரி

பட்டியலைத் தயாரித்தவர் எந்த நாட்டில் இருந்து தயாரித்தாரோ தெரியாது. அதில் 'காரைநகர்க் கடற் சவாரி' என்றும் ஒன்று இருந்தது. அதென்ன சவாரி? ஊர்காவற்றுறைத் துறையில் இருந்து காரைநகருக்குப் போகும் மிதவைதான். நாங்கள் அதைப் 'பாதை' என்போம். மோட்டார் சைக்கிள், மீன்பெட்டி, ஆடு, ஆசிரியர்மார் என்று எல்லாம் அதில் ஏறும். நோர்வேயில் இருந்து வந்த ஒரு வெள்ளி அட்டைத் தமிழ்த் தம்பதியை மனேஜர் என்னோடு அனுப்பிவைத்தார். மேசையை விட்டு வெளியே போகக் கிடைத்ததே என்று எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

அவர்களுக்கும் சந்தோஷம்தான்! காற்று, கடல், எதிரே கடற்கோட்டை, ஆட்டோடு ஒரு படம். திரும்பும்போது அந்தக் கணவர், பக்கத்தில் மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு நின்ற அண்ணையிடம் நல்ல மனதோடு கேட்டார்: "நீங்கள் இதுக்கு எவ்வளவு குடுக்கிறனீங்கள்?" நான் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், இருமியும் பார்த்தேன். அன்று எனக்குக் கிடைத்தது பத்துக்கு ஆறு. மீன்கார அண்ணை சொன்னது இது:

"காசோ? இதுக்குக் காசு கேட்டால் நான் மீனோடை மீனா நீந்தியெல்லோ போவன்!"

முதல் தண்ணி, பிறகு கதை

இப்படியே போனால் வேலை போய்விடும் என்று விளங்கியது. இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என்ன செய்வோம்? முதலில் குடிக்கக் கொடுப்போம், பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்போம். ஒரு வீட்டில் வாய் நனைத்தவர் அந்த வாயாலேயே அந்த வீட்டோடு சண்டை பிடிக்கக் கூசுவார். ஆகவே வரவேற்புப் பானமான தேசிக்காய்த் தண்ணீரை, அதுதான் எலுமிச்சைச் சாற்றை, முதலில் கையில் கொடுத்து, அவர் பாதி குடித்து 'ஆ' என்ற பிறகே கட்டணத்தைச் சொல்லத் தொடங்கினேன். பலித்தது! ஏச்சுப் பாதியாகக் குறைந்தது. ஏழில் கிடந்த சராசரி எட்டை எட்டிப் பார்த்தது. குசினியில் சமைக்கும் அருமை அண்ணை எனக்காகவே தேசிக்காய்த் தண்ணீரில் கொஞ்சம் உப்பும் போட்டுக் கைப்பக்குவம் காட்டினார்.

நயினாதீவு அம்மன் கோயில் திருவிழா தொடங்கியது. அறைகள் நிரம்பி வழிந்தன. மெம்பர்மாரில் முக்கால்வாசி எங்கள் தீவுக்காரரே. ஒருநாள் மத்தியானம் மெல்பேர்ணில் இருந்து வந்த அக்கா ஒருவர் நயினாதீவில் கும்பிட்டு, அன்னதானச் சோறும் சாப்பிட்டு, குளிர்ந்த முகத்தோடு திரும்பி வந்தா. கடலுக்குப் போகத் துவாய் கேட்டா. "அது கட்டணத்துக்குள்ளை சேர்த்திதான் அக்கா, எடுங்கோ" என்று நான் பெருமையாகச் சொல்ல, அவ துவாயை என்னிடமே திருப்பித் தந்துவிட்டா:

"அம்மன் கடலாலை கூப்பிட்டு, நிழல்லை இருத்தி, சோறும் போட்டு விட்டவ, நீங்கள் ஒரு துவாயைத் தந்துபோட்டுக் கட்டணத்தை ஞாபகப்படுத்திறியள்."

தொடாத கிளாஸ்

அந்த வாரம்தான் எனது ஆறாவது மாதத்தின் கடைசி வாரம். அந்த வாரம்தான் கனகசபை ஐயாவும் வந்தார். எங்கள் புளியங்கூடல்தான். குடும்பம் முன்பு பதுளையில் கடை வைத்திருந்தது, இப்போது பிள்ளைகளோடு சுவிஸில் இருக்கிறார். பிளாட்டினம் அட்டை. ஊரில் இருந்த வீடு இடிந்துபோனதால், திருவிழாவுக்கென்று வருடக்கணக்காகச் சேர்த்த புள்ளியில் ஐந்து நாள் அறை எடுத்திருந்தார். வெள்ளை வேட்டி, நிமிர்ந்த நடை. நான் வழக்கம்போலத் தேசிக்காய்த் தண்ணீரை நீட்டினேன். வாங்கினார். வாயருகே கொண்டுபோனார். கட்டணக் கதை அவருக்கு முன்னமே எட்டியிருக்க வேண்டும், நிறுத்தினார். "இது உந்தக் கட்டணத்துக்குள்ளை சேர்த்தியோ?" என்றார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஓம் ஐயா" என்றேன். கிளாஸை மேசையில் வைத்துவிட்டார். கட்டணத்தை ஒரு சதம் குறையாமல் கட்டினார்.

கட்டினாரே, போகட்டும் என்று கொழும்பு மனேஜர் நினைத்தார். அவருக்கு விளங்கவில்லை, எங்களுக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் ஒருவர் ஒரு வீட்டில் தண்ணீரை மறுத்தால் அது சாதாரணக் கோபமில்லை. ஐயா ஹோட்டலில் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. விடிய எழும்பி, வெறும் போத்தலோடு நடந்து போய், கரம்பொன் நல்லதண்ணிக் கிணற்றில் அள்ளி நிரப்பிக்கொண்டு வருவார். சாப்பாடு சொந்தக்காரர் வீட்டில். இரண்டாம் நாள் அருமை அண்ணை, "மனுசன் இப்பிடி இருக்கேக்கை எனக்குக் கறி கொதிக்குதில்லை" என்று அகப்பையைப் போட்டுவிட்டு வந்து நின்றார். மூன்றாம் நாள் எங்கள் ஒழுங்கை முழுக்கக் கதை பரவிவிட்டது. நான் சைக்கிளில் போக, மதிலுக்கு மேலால் கேட்கிறார்கள், "இண்டைக்காவது குடிச்சவரோ?" அன்று வரவேற்பு மேசையில் அவர் சொன்ன சொல் என் காதை விட்டுப் போகவே இல்லை:

"பிள்ளை, உம்மிலை எனக்குக் கோபமில்லை, ஆனா சும்மா வா எண்டு கூப்பிட்டுக் காசு வாங்கிற இடத்திலை நான் பச்சைத்தண்ணியும் குடியன்."

ஏழு கிளாஸ்

மூன்றாம் நாள் பின்னேரம் கொம்பனியின் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து வாசித்தேன். யாரும் வாசிக்காத புத்தகம். கடைசிக்கு முதல் பக்கத்தில் கிடந்தது புதையல்! பட்டியலில் உள்ள வசதி ஒன்று விருந்தினருக்குக் கிடைக்காவிட்டால் மனேஜர் கட்டணத்தை நீக்கலாம். ஓடினேன். "சேர், அவருக்கு வரவேற்புப் பானம் கிடைக்கேல்லை!" "நீங்கள் கொடுத்தீர்கள்தானே?" "குடுத்தனான் சேர், ஆனா ஒரு சொட்டும் உள்ளை போகேல்லை. குடியாத பானம் கிடைச்ச பானமோ?" மனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏலாது என்றுவிட்டார்.

நான்காம் நாள் காலை ஒரு வானில் ஏழு மெம்பர்மார் வந்து இறங்கினார்கள். எல்லோரும் இலவச அறைக்காரர். வரவேற்பறைக் கதிரையில் தனது போத்தலோடு இருந்த ஐயாவை அடையாளம் கண்டு சுகம் விசாரித்தார்கள். ஐயா இரண்டு வசனம்தான் பேசினார். அவர்கள் என்னிடம் வந்தார்கள், கிளாஸை வாங்கினார்கள், ஒருவர் பின் ஒருவராக மேசையில் வைத்தார்கள். ஏழு கிளாஸ், வரிசையாக, நிறை நிறையாக! பயமும் சிரிப்பும் எனக்குச் சேர்ந்தே வந்தன. மனேஜர் வெளியே வந்து அந்த வரிசையைக் கண்டார். அறைக்குள் போய் விதிப் புத்தகத்தைத் தானே எடுத்து வாசித்தார். பிறகு கொழும்புத் தலைமையகத்துக்கு அழைத்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நானும் அருமை அண்ணையும் துப்புரவு அக்காமாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அரை மணித்தியாலம் கழித்து வெளியே வந்தவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இலவச அறைக்காரருக்குத் திருவிழா முடியும்வரை கட்டணம் இல்லை; தயவுசெய்து யாராவது அந்தத் தண்ணீரைக் குடியுங்கள்!"

எந்தக் கிணறு

ஐந்தாம் நாள் காலை ஐயா புறப்படும்போது அவர் கட்டிய கட்டணத்தை மனேஜரே கையில் திருப்பிக் கொடுத்தார். ஐயா அதை எண்ணவில்லை, மடித்து மடியில் வைத்தார். மார்க்ஸ் போடும் திரையில் நான் பார்க்க நிதானமாக விரலை வைத்தார். பத்து! வான்காரர் ஏழு பேரும் போகும்வரை காத்திராமல் முந்தின நாளே பத்துப் போட்டிருந்தார்கள். சராசரி எட்டைத் தாண்டியது. எனது வேலை நிரந்தரம்! வாய்விட்டே கத்திவிட்டேன். மனேஜர் அதைக் கேட்காதது போல நின்றார், அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு.

"இப்ப தாரும், பிள்ளை" என்றார் ஐயா. அருமை அண்ணை குசினியில் இருந்து தானே கிளாஸை ஏந்திக்கொண்டு வந்தார். சுற்றிவர நாங்கள் நின்று பார்க்க, ஐயா ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு மிடறு. "இது எந்தக் கிணத்துத் தண்ணி?" என்றார். "கரம்பொன் நல்லதண்ணிக் கிணறுதான் ஐயா, ஒவ்வொரு நாளும் விடியத் தண்ணிப் பவுசரிலை இஞ்சை வரும்" என்றார் அருமை அண்ணை. ஐயா கிளாஸைப் பார்த்தார், கையில் இருந்த தனது போத்தலைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார்:

"அட, உதைத்தானே நான் அஞ்சு நாளா நடந்து போய்ச் சும்மா அள்ளிக் குடிச்சனான்!"

உலகமெங்கும் கிளை பரப்பிய கொம்பனியை அசைக்க வழக்கறிஞரும் வேண்டாம், வழக்கும் வேண்டாம், கையில் வாங்கிய தண்ணீரைக் குடிக்காமல் வைக்கத் தெரிந்த ஒரு புளியங்கூடல்காரர் போதும்.