இரண்டாவது கையெழுத்து

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், "கையெழுத்து வந்தாச்சா?" என்று என் மாமியார் கேட்டார். தபால்காரரைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நான் பேனாவைத் தேடினேன். படியேறி வந்தவரோ என் நாத்தனாரின் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை. அவருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்ததே என் நாத்தனார்தான். "வெளியில போனா ஒரு கையெழுத்து, உள்ள வந்தா ஒரு கையெழுத்து. என்னையும் ஒரு நாள் நோட்டுல போட வச்சிடுவாரு" என்பாள்.

சினிமா விமர்சகர்கள் சங்கத்தில் அவருக்கு வேலை. நாடு முழுக்க அந்த வருஷம் வந்த படங்களில் ஒன்றைப் பொறுக்கி விருது கொடுக்கிற சங்கம். அரசாங்கம் கொடுக்கிற விருது ஒரு பக்கம், படம் எடுக்கிறவர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்வது இன்னொரு பக்கம். யார் தயவும் இல்லாமல் பத்திரிகையில் எழுதுகிறவர்களே கொடுக்க வேண்டும் என்று, பைண்டிங் கடை மாடியில் பன்னிரண்டு பேர் கூடி ஆரம்பித்தார்களாம்.

முதல் வருஷமே மானம் போயிற்று. விருது மேடையில் ஏறிய ஒரு விமர்சகர், படத்தின் முடிவில் நாயகனுக்குக் கல்யாணம் நடக்கிற அழகை வாயாரப் புகழ்ந்தார். நாயகன் இடைவேளைக்குப் பிறகு பத்தே நிமிஷத்தில் செத்துப்போகிற படம் அது. மனுஷன் பாதியிலேயே எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறார். கூட்டம் சிரித்த சிரிப்பில் வந்ததுதான் இரண்டு கையெழுத்து விதி. சங்கத்தின் சின்னத் தியேட்டரில் படம் பார்க்க நுழையும்போது ஒன்று, முடிந்து வெளியே வரும்போது ஒன்று. ஏழு பேராவது இரண்டும் போட்டிருந்தால்தான் அந்தப் படம் ஓட்டுக்குப் போகும். அந்த நோட்டோடு வாசலில் உட்காருவதற்கென்றே அண்ணனை வைத்தார்கள்.

நோட்டை விட்டுவிட்டு உள்ளே போக முடியாது. அதனால் அவர் ஒரு படமும் பார்த்ததில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் வருகிற பாட்டும் அழுகையும்தான் அவருக்கு.

பத்தொன்பதாவது வருஷம், ஓட்டுக்குப் போகிற படங்களின் பட்டியல் முடிகிற கடைசி நாள் காலையில் ஒரு பெண் எடுத்த முதல் படம் போட்டார்கள். நல்ல மழை. உள்ளே போனது ஏழு பேர். வெளியே வந்து கையெழுத்துப் போட்டது ஆறு பேர். மாலைப் பத்திரிகைக்காரர் என்று ஒருவர், அவருடைய இரண்டாவது கையெழுத்து இல்லை. அண்ணன் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டுவிட்டார். படம் பட்டியலில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் அண்ணன் வீட்டுக்கே வந்தாள். நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன், டீ கொண்டுபோய் வைத்தது நான். அவள் டம்ளரைத் தொடவில்லை.

"பட்டியல்ல பேர் வந்தாலே போதும், அடுத்த படத்துக்குப் பணம் போட ஆள் ரெடியா இருக்காரு சார். இல்லன்னா இதோட முடிஞ்சது. ஒரு கையெழுத்துதானே?"

"ஒண்ணு விட்டா ஒம்பது விடணும்மா. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"நீங்க படம் பாத்தீங்கல்ல? மனசாட்சிய தொட்டுச் சொல்லுங்க."

"நான் வாசல்லம்மா. சத்தம்தான் கேட்டுது."

அவள் சிரித்துவிட்டாள். "பாக்காதவங்க ஓட்டுப் போடக் கூடாது. ஆனா பாக்காதவரு அடிக்கலாம், இல்ல?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஓட்டெடுப்பு வெள்ளிக்கிழமை. புதன்கிழமை, படம் ஓட்டுகிற ஆபரேட்டர் டீக்கடையில் அண்ணனிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்: "மாலைப் பத்திரிகைக்காரரா? அவருக்குத்தான் முதுகு வலியாச்சே, உக்கார முடியல. எங்கூட மேல ரூம்ல நின்னுகிட்டே கடைசி வரைக்கும் பாத்தாரு. பின்னாடி இரும்புப் படி வழியா இறங்கி நேரா ஆஸ்பத்திரி. அன்னிக்குத்தானே அவருக்கு ஆபரேஷனுக்கு அட்மிஷன்."

அண்ணன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். என் நாத்தனாரும் அங்கே இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "இப்பவே போய்ச் சொல்லிடுங்க. இன்னும் ரெண்டு நாள் இருக்கே" என்றாள்.

"பதினெட்டு வருஷமா இந்த நோட்டு தப்பினதில்ல. இப்ப தப்புன்னு நானே சொன்னா, இதுவரைக்கும் குடுத்த விருதையெல்லாம் தோண்ட ஆரம்பிச்சிடுவாங்க."

"தோண்டட்டும். உங்களுக்கென்ன?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "விடுங்கண்ணே, சினிமாதானே" என்று சொல்லித் தொலைத்தேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. வெள்ளிக்கிழமை வேறொரு படத்துக்கு விருது போயிற்று. அந்தப் பெண்ணின் படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. அவள் பிறகு படம் எடுக்கவும் இல்லை.

அண்ணன் அதற்குப் பிறகும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், ஓய்வு பெறுகிற வரைக்கும். ஒரே வித்தியாசம், படம் முடிந்ததும் இரும்புப் படிப் பக்கம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் நோட்டை மூடுவார். என் நாத்தனார் சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கையெழுத்து என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள்.

சங்கத்துக்கு ஐம்பது வயசானபோது, விருதின் வரலாற்றைப் புத்தகமாகப் போட எண்ணி, பழைய விவரம் கேட்டு அண்ணனைக் கூப்பிட்டார்கள். நோட்டுகளைக் காட்டி ஒவ்வொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், பத்தொன்பதாவதில் நிறுத்தி, "இதுல ஒரு திருத்தம் போடணும்" என்றாராம்.

"சார், இது பொன்விழா மலர். யாரு இப்ப அதெல்லாம் கேக்கப் போறா?" என்று செயலாளர் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

புத்தகம் வந்தது. திருத்தம் வரவில்லை. அடுத்த வாரம் அண்ணன் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணைத் தேடிப் போனார். ஒரு கல்யாண வீடியோக் கடையின் உள்ளறையில், கம்ப்யூட்டர் முன்னால், யாருடைய கல்யாணத்தையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

அண்ணன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"தெரியும் சார். அடுத்த மாசமே ஆபரேட்டர் எங்கிட்ட சொல்லிட்டாரு. நீங்களா ஒரு நாள் வந்து சொல்வீங்கன்னு ரெண்டு மூணு வருஷம் பாத்தேன்."

"அந்தப் படம் எங்கயாவது இருக்காம்மா? ஒரு தடவை பாக்கணும்."

"இல்ல சார். பிலிம் லேப்ல தண்ணி புகுந்தப்ப பெட்டியோட போச்சு." எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டு, அவள் தன் வேலையைப் பார்க்கத் திரும்பினாள். நாங்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தோம்.

அண்ணன் இப்போது இளைய மகள் வீட்டில், மாடியில் பின்பக்க அறையில் இருக்கிறார். அதற்கும் வெளியே ஓர் இரும்புப் படிதான்.